விரியனைக் கடித்தது எது?

(எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் பிறகு சேர்த்திருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முப்பது வருடமாக நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் மாஸ்டர் அவர்களே, நகரசபையில் இருந்து வந்து, ஒரு சொல்லும் விளங்காமல் முதல் வரிசையில் சிரித்த முகத்தோடு இருக்கும் அம்மையார் அவர்களே, ஐந்து மணிநேரம் பஸ்ஸில் வந்திருக்கும் ஒஸ்லோ நண்பர்களே, சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருப்பதால் இதைக் கேட்க முடியாத அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய அண்ணனுக்குத் தனி நன்றி. போன வருடம் இதே பொன்னாடையை நான்தான் அவருக்குப் போர்த்தினேன். வீண்செலவு இல்லை, நல்லது. நான் பேச வந்ததும் செலவைப் பற்றித்தான்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, இங்கே நோர்வேயில் கிறிஸ்தியான்சான் நகரத்துப் பெண்கள் ஹாண்ட்போல் அணியான வைப்பர்ஸின் கதை. இரண்டு, அப்படிப்பட்ட வீராங்கனைகள் எப்படி உருவானார்கள். மூன்று, நம் பெண் பிள்ளைகள் பதினாலு, பதினைந்து வயதில் விளையாட்டை விடுவது ஏன். எங்கள் அப்பு அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்றும் கூடவே வரும்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

முதலில், பின்வரிசையில் உள்ள பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சொல்வது ஹாண்ட்போல். கைப்பந்து என்றால் தமிழ்நாட்டுக்காரர் வொலிபோல் என்று நினைப்பார்கள். நமக்கு அது கரப்பந்து. இது வேறு. பக்கத்துக்கு ஏழு பேர், நாற்பது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம், அரை மணிநேரம் இரண்டு தடவை. ஆறு மீட்டர் கோட்டுக்குள் கோல்காப்பாளரைத் தவிர ஒருவரும் கால் வைக்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே எம்பி, அந்தரத்தில் நின்றபடி எறிகிறார்கள்.

வைப்பர் என்றால் விரியன். பெண்கள் அணிக்கு விரியன் என்று பெயர் வைக்க நம் நிர்வாக சபை சம்மதிக்குமா? நாலு கூட்டம் போட்டிருப்போம். அது பழைய வோக் கழகத்தில் இருந்து வளர்ந்த அணி. அக்வராமா என்று நீச்சல் குளமும் விளையாட்டு அரங்கும் ஒன்றாகக் கட்டிய இடம்தான் அவர்களின் வீடு. 2018இல் முதல் தடவை நோர்வே லீக்கை வென்றார்கள். அதற்கு முன் பத்து வருடத்துக்கும் மேலாக அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி லார்விக். 2011இல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் நோர்வே பெண்கள் அணியும் லார்விக்தான். அந்த லார்விக்கையும் பிறகு காசுத் தட்டுப்பாடு பிடித்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளராக இருந்த ஓலே குஸ்தாவ் யெக்ஸ்தாட் 2018இல் கிறிஸ்தியான்சானுக்கு வந்தார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. 2021, புடாபெஸ்ட். பிரான்ஸின் பிரெஸ்ட் அணியை 34-28 என்று வென்றார்கள். பத்து வருடத்துக்கு முன் லார்விக்கோடு கோப்பை தூக்கிய ஹெய்டி லோகேயும் நோரா மோர்க்கும் இந்த அணியில் இருந்தார்கள். 2022இல் அதே ஊர், எதிரே ஹங்கேரியின் ஜியோர், 33-31. 2023இல் மறுபடியும் புடாபெஸ்ட், எதிரே அந்த நகரத்தின் சொந்த அணியான ஃபெரென்ட்ஸ்வாரோஷ், 28-24. அடுத்தவன் வீட்டுக்குப் போய், அவன் ஆட்கள் தொண்டை கிழியக் கத்தும்போது, இரண்டு வருடம் அடுத்தடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருவது சின்ன வேலையா? மூன்று வருடம், மூன்று கோப்பை.

இனி இரண்டாவது விஷயம். கத்ரினே லுண்டே. 1980இல் பிறந்த கிறிஸ்தியான்சான் பிள்ளை. இரட்டைப் பிறவி, சகோதரி கிறிஸ்தினேயும் தேசிய அணி வீராங்கனை. கத்ரினே டென்மார்க்கில் விபோர்க், ஹங்கேரியில் ஜியோர், ரஷ்யாவில் ரொஸ்தோவ் என்று சுற்றிவிட்டு, 2017இல் பிறந்த ஊருக்கே கோல் காக்க வந்தார். முப்பத்தேழு வயது. நம்மில் ஒருவர் அந்த வயதில் மாடிப்படி ஏறினால் கைபிடியைத் தேடுவார். அவர் வைப்பர்ஸோடு மூன்று சாம்பியன்ஸ் லீக் வென்றார். முன்னே வென்றதையும் சேர்த்தால் ஏழு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நாற்பத்து நாலு வயதில் தங்கம். வீட்டில் பிள்ளைகள் ஒருநாள் பயிற்சிக்குப் போகாமல் படுத்துக் கிடந்தால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். இன்னும் சொல்லலாம், ஆனால் கதையின் மற்றப் பாதி காத்துக்கொண்டிருக்கிறது.

2024 ஒக்டோபரில் வைப்பர்ஸ் மூழ்கப்போகிறது என்று செய்தி வந்தது. எப்படியோ கரை ஏறினார்கள். 2025 ஜனவரியில், பருவத்தின் நடுவில், வங்குரோத்து. மூன்று தடவை ஐரோப்பாவை வென்ற அணிக்குக் கடைசிப் பயிற்சி, கண்ணீர், பெட்டி கட்டல். களத்தில் விரியனை யாரும் அடிக்கவில்லை. விரியனைக் கடித்தது கணக்குப் புத்தகம். உலகத் தரத்து வீராங்கனைகளுக்கு உலகத் தரத்துச் சம்பளம் வேண்டும். பெண்கள் ஹாண்ட்போலில் ஸ்பொன்சர் காசும் நுழைவுச்சீட்டும்தான் பெரிய வரவு. வரவு ஒரு பக்கம் நிற்க, செலவு கோப்பையைப் பார்த்து ஓடிவிட்டது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பரவாயில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஹாண்ட்போல் பழகினாள். இங்கே பிள்ளையை விளையாட்டில் சேர்த்தால் தாய் தகப்பனும் சேர்ந்த மாதிரித்தான், டுக்னாட் இருக்கிறதே. சம்பளம் இல்லாத ஊர் வேலை. ஒரு சனிக்கிழமை சிறுவர் போட்டி, எனக்கு வாஃபல் கடை. மாவை ஊற்று, மூடு, எடு, பிறவுண் சீஸ் வை, பதினைந்து குறோணர் வாங்கு. தகரப் பெட்டியில் காசைப் போடு. இதில் என்ன கஷ்டம்?

முதல் அரை மணிநேரம் கஷ்டமில்லை. பிறகு நம் பிள்ளைகள் வந்தார்கள். "மாமா!" என்றது ஒன்று. மாமா என்று கூப்பிட்ட பிள்ளையிடம் பதினைந்து குறோணர் வாங்க எனக்குக் கை வருமா? கொடுத்தேன். அது போய்த் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தது. தங்கச்சி தன் அணி முழுவதையும் கூட்டி வந்தது. கொஞ்ச நேரத்தில், வைக்கோல் நிறத் தலையோடு ஒரு நோர்வேப் பொடியன் மேசைக்கு முன்னால் வந்து, என் முகத்தைப் பார்த்து, சுத்தமான தமிழில் "மாமா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு இங்கே வாஃபல் கிடைக்கும் என்று மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. நான் என்ன செய்ய? அவனுக்கும் கொடுத்தேன். தமிழ் வளர்த்தேன் என்றுதான் மாஸ்டர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் பொருளாளர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. மாவை எண்ணினார், தட்டை எண்ணினார், காசை எண்ணினார். 465 குறோணர் குறைகிறது. நான் வியர்த்து, பேர்ஸை எடுத்தேன். அவர் கையைத் தடுத்தார். "கொடுத்தாயா?" என்றார். "கொடுத்தேன்." "கொடுத்தது தப்பில்லை. எழுதாததுதான் தப்பு." கொப்பியை நீட்டினார். நான் எழுதினேன்: இலவசம், 31 வாஃபல். யாருக்கு என்று கேட்டார். "மாமா என்று கூப்பிட்டவர்களுக்கு" என்றேன். அவர் கொஞ்சமும் சிரிக்காமல் அதையும் எழுதச் சொன்னார். அந்தக் கொப்பியில் இன்றைக்கும் அது இருக்கும்.

அப்பு சொன்னதும் இதைத்தானே? ஆற்றிலே போடாதே என்று அவர் சொல்லவில்லை. போடு, அளந்து போடு என்றார்.

இப்போது நம் கழகத்துக்கு வருவோம். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மூன்று வருடமாகக் கேட்கிறேன். கணக்கறிக்கையை வருடக் கடைசியில், சாப்பாட்டுக்கு முன், எல்லோரும் பசியோடு இருக்கும் நேரத்தில் நாலு நிமிடத்தில் வாசிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அறிவித்தல் பலகையில் குத்துங்கள். பொருளாளர் தம்பி நேர்மையானவர், அவர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத காலத்தில்தான் கணக்குக் காட்டிப் பழக வேண்டும். சந்தேகம் வந்த பிறகு கணக்குக் கேட்டால் அது சண்டை. வெளியூர்ப் போட்டிக்குப் பஸ் பிடித்தோமே, கோப்பையும் கொண்டுவந்தோம், சந்தோஷம். அந்த பஸ்ஸுக்கு எவ்வளவு? கையைத் தூக்குங்கள், எத்தனை பேருக்குத் தெரியும்? ...மூன்று பேர். அதில் ஒருவர் பஸ் ஓடியவர்.

மூன்றாவது விஷயம், பெண் பிள்ளைகள் விளையாட்டை விடுவது. அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார், நேரம் முடிந்தது என்று. தாய்மாரைப் பேச விடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். என்னை விட அவர்களுக்குத் தெரியும்.

தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. சம்மதமானவர்கள் கையெழுத்துப் போடுங்கள். நகரசபை அம்மையாருக்கு மறுபடி நன்றி, மாஸ்டருக்கு நன்றி, ஒலிவாங்கியை இரண்டு தடவை சரிசெய்த தம்பிக்கு நன்றி. பக்கத்து மேசையில் வடை இருக்கிறது, ஒன்று பத்து குறோணர். இன்றைக்கு அங்கே நிற்பதும் நான்தான். மாமா என்று கூப்பிடும் பிள்ளைகள் தாராளமாக வரலாம், கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறேன்.