பெருந்தொற்றும் ஜப்பானின் தொடக்கப் பள்ளி ஆங்கிலமும்

[திரையில்: ஜப்பான் வரைபடம், ஏப்ரல் 2020]

ஜப்பானில் புதிய கல்வியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. 2020 ஏப்ரலில், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முதன்முறையாகப் பாடநூலும் மதிப்பீடும் கொண்ட முழுப் பாடமாகி, ஆண்டுக்கு 70 பாடவேளைகளைப் பெற்றது. அந்த மாதத்தில் கொரோனா காரணமாகப் பெரும்பாலான பள்ளிகள் மூடிக் கிடந்தன.

அங்கே தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவர் பெரும்பாலும் கணிதம் முதல் ஓவியம் வரை கற்பிக்கும் வகுப்பாசிரியரே. ஆங்கிலம் பேசத் தயங்கும் அவருக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, வெளிநாட்டிலிருந்து வரும் உதவி ஆசிரியர். மற்றொன்று, ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே நின்று கவனித்துப் பின்னர் கூடி விவாதிக்கும் 'ஜுக்யோ கென்க்யூ' என்னும் பாட ஆய்வு முறை. எல்லைகள் மூடப்பட்டதால் 2020-இல் புதிய உதவி ஆசிரியர்களின் வருகை தடைப்பட்டது. நெரிசல் கூடாது என்பதால் பாட ஆய்வும் முடங்கியது. போதாக்குறைக்கு, உச்சரிப்பைக் காட்ட வேண்டிய வாயை முகக்கவசம் மறைத்தது.

[திரையில்: மடிக்கணினி முன் ஓர் ஆசிரியர்]

ஆசிரியர் பயிற்சி இணையத்துக்கு மாறியது. கல்வி அமைச்சகத்தின் பயிற்சிக் காணொளிகள் யூடியூபில் கிடைத்தன. தொலைதூரத் தீவுப் பள்ளி ஆசிரியரும் பயணமின்றிப் பங்கேற்க முடிந்தது, அது சிறிய பயன் அன்று. ஆனால் விரிவுரை எளிதில் இணையமேறியதைப் போலப் பாட ஆய்வு ஏறவில்லை. அதில் பார்வையாளர்கள் கவனிப்பது ஆசிரியரை மட்டுமன்று, கேள்வி விழுந்த கணத்தில் மாணவரின் முகம் எப்படி மாறுகிறது, அருகிலிருப்பவரிடம் என்ன முணுமுணுக்கிறார் என்பதையும்தான். வகுப்பின் பின்புறம் பொருத்திய கேமராவில் தெரிவதோ பிள்ளைகளின் முதுகு. ஆகவே, முழுப் பாடத்தையும் ஒளிபரப்புவதைவிட, முன்பக்கத்திலிருந்து எடுத்த சில நிமிடப் பதிவை அனைவரும் முன்கூட்டியே பார்த்துவிட்டு, கூட்ட நேரத்தை விவாதத்துக்கு ஒதுக்குவதே பயனுடையது.

பேச்சுப் பயிற்சிக்கும் இது பொருந்தும். நூறு பேர் தங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உரை கேட்பதால் எவர் நாவும் பழகாது. மூன்று, நான்கு பேர் கொண்ட தனிக் குழுக்களில், வகுப்பில் சொல்ல வேண்டிய ஆங்கிலக் கட்டளைகளையும் கேள்விகளையும் மாறி மாறிப் பேசிப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில், மாணவருக்கு ஒரு கணினி வழங்கும் 'கிகா' திட்டம் பெருந்தொற்றால் விரைவுபடுத்தப்பட்டு, 2021 மார்ச்சுக்குள் பெரும்பாலான இடங்களில் கருவிகள் வந்து சேர்ந்தன. அவற்றைக் கையாளக் கற்கும் சுமையும் அதே வகுப்பாசிரியர் மீதே விழுந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய ஆசிரியர் உரிமப் புதுப்பிப்பு முறை 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வோர் ஆசிரியரின் பயிற்சிப் பதிவேட்டையும் பராமரிப்பதும், அதன் அடிப்படையில் அவருடன் கலந்துபேசி வழிகாட்டுவதும் நடைமுறைக்கு வந்தன.