ஒரு சன்னல், ஆறு பொழுது

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டு மாடியில் மேற்கு பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது. கன்னடியன் கால்வாய் பாயும் நெல்வயல், அதையடுத்துத் தென்னை வரிசை, அதற்கும் அப்பால் பொதிகை மலை. அதில் தெரிவது அவ்வளவே. ஓராண்டுக்கும் மேலாக அந்தச் சன்னலிலிருந்து அதே காட்சியைப் பொழுதுக்கு ஒன்றாகப் படமெடுத்து வருகிறேன்.

பொழுது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று பத்துப் பத்து நாழிகையாக நாளைப் பகுத்த நம் இலக்கண மரபு, நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. நிலத்தை மட்டும் படமெடுப்பவர் பாதியைத்தான் எடுத்திருக்கிறார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சன்னல் காட்சியாக இன்று நமக்கு எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒளிப்படத்தில் பொழுதே இல்லை. பிரான்சு நாட்டில் நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827-இல், நிலக்கீல் பூசிய வெள்ளீயக் கலவைத் தகட்டில், தம் வீட்டு மேல்மாடிச் சன்னலிலிருந்து அதை எடுத்தார். ஒளி பதியக் குறைந்தது எட்டு மணி நேரம் ஆயிற்று என்பர். பல நாள் ஆகியிருக்கும் என்பாரும் உண்டு. அதற்குள் கதிரவன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால், எதிரெதிரான சுவர்கள் இரண்டிலும் வெயில் அடிக்கிறது. நொடிக்குள் படமெடுக்கும் நம் கேமராவோ வேறு வழியில் பொழுதை அழிக்கிறது. ஒளியின் நிறச்சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், விடியலின் நீலத்தையும் அந்தியின் செம்மையையும் பிழையென்று கருதித் திருத்திவிடும். முதல் இரண்டு மாதப் படங்களை நான் இப்படித்தான் இழந்தேன். இப்போது அதைப் பகல் வெயிலுக்குரிய 5500 கெல்வினில் நிறுத்திவிட்டு, முக்காலியின் கால் நிற்கும் இடங்களைத் தரையில் சுண்ணாம்பால் குறித்து வைத்திருக்கிறேன்.

காலையில் வெயில் மலையின் முகத்தில் நேராக விழுவதால் ஒவ்வொரு மடிப்பும் பள்ளமும் எண்ணும்படி தெரியும். எற்பாட்டில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்க, அதே மலை நீலத் தகடாகி, முன்னே ஒன்று பின்னே ஒன்றாக வெவ்வேறு அடர்த்தியில் நிற்கும். ஆனி, ஆடியில் சாரல் மேகம் மூடிவிட்டால் மலையே இராது. தென்னையைக் காற்று அலைக்கழிப்பது மட்டும் படத்தில் விழும். நண்பகல் படத்தைப் பலரும் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் ஆனி மாதத்தில் உச்சிக்கு வடக்கே கதிரவன் நிற்பதால் தென்னையின் குறுநிழல் இடப்பக்கம், அதாவது தெற்கே விழுகிறது. மார்கழியில் அது நீண்டு வலப்பக்கம் சாய்கிறது. நம் ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் தட்டையான படம்தான் காட்டிக்கொடுக்கிறது.

குறிஞ்சிக்கு யாமத்தைத் தொல்காப்பியம் ஏன் வைத்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கூதிர்கால முழுநிலவு இரவொன்றில், அறை விளக்கை அணைத்து, கேமராவை முப்பது நொடி திறந்து வைத்தேன். கண்ணுக்குக் கருங்கோடாக மட்டுமே தெரிந்த மலை, பச்சையும் பாறையுமாகப் பகல்போலப் படத்தில் எழுந்தது. அதன் தலைக்கு மேல் விண்மீன்கள் இருந்தன.