குறி தவறுகிறவருக்காகக் காத்திருக்கலாமா?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் தீராத வழக்கு ஒன்று உண்டு. பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஆளான குவாட்டர்பேக் ஒருவர் இந்த வாரம் தனியாளாக ஆட்டத்தை வென்று கொடுக்கிறார். அடுத்த வாரம் பந்தை எதிரணிக்காரர் மார்பிலேயே எறிகிறார். இப்படிப்பட்டவர் என்றாவது முதல் வரிசைக்கு வருவாரா? வரமாட்டார் என்பவர்கள்தான் அதிகம். வரலாம் என்பது என் கட்சி. ஆனால் அவர் எதில் தடுமாறுகிறார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து கைக்கு வந்த பிறகு குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி. அதற்குள் எதிரணியின் தடுப்பு எப்படி நிற்கிறது, தன் ஆட்களில் யார் விடுபட்டு ஓடுகிறார் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். அப்புறம் காலை ஊன்றி, நினைத்த இடத்துக்கு எறிய வேண்டும். முடிவு தவறுவது ஒரு குறை, எறிதல் தவறுவது வேறொரு குறை. பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை.

ஜாஷ் ஆலனை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பம். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அவரைக் கேட்கவில்லை. ரீட்லி கல்லூரி வழியாக வயோமிங் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவர் எறிந்ததில் சுமார் 56 விழுக்காடுதான் தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. கை அசுர பலம், குறி இல்லை. நம் ஊரில் வேகம் இருக்கிறது, லைன் இல்லை என்று ஒரு பந்துவீச்சாளரைச் சொல்வோமே, அதே பேச்சுதான். குறி பிறவியில் வர வேண்டும், கற்றுத்தர முடியாது என்று பல நிபுணர்கள் நம்பினார்கள். இருந்தும் 2018 டிராஃப்டில், அதாவது லீக் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பஃபலோ பில்ஸ் அணி அவரை 7ஆவதாக எடுத்தது. முதல் பருவத்தில் எறிந்ததில் 52.8 விழுக்காடுதான் சேர்ந்தது. பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்க்கும் டச் டவுன் 10, எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொள்ளும் இன்டர்செப்ஷன் 12. ஏளனம் செய்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

இரண்டு வருடம் கழித்து, 2020இல், அதே மனிதர் எறிந்ததில் 69.2 விழுக்காடு போய்ச் சேர்ந்தது. 37 டச் டவுன், 10 இன்டர்செப்ஷன். பில்ஸ் 13 ஆட்டங்களை வென்றது.

சரி, இடையில் என்ன நடந்தது? ஆலனின் சிக்கல் பெரும்பாலும் உடம்பில் இருந்தது. இடுப்பும் காலும் ஒழுங்காகத் திரும்பும் முன்பே கை தன் பலத்தை நம்பி எறிந்துவிடும். ஓய்வுக் காலத்தில் ஜோர்டன் பால்மர் என்ற பயிற்சியாளரிடம் போய், உடல் அசைவை அளந்து பார்க்கும் கருவிகளின் துணையோடு எறியும் முறையைப் பிரித்துச் சேர்த்தார். அணியும் சும்மா இருக்கவில்லை. தாக்குதல் பயிற்சியாளர் பிரையன் டேபோல் அவருக்கேற்ற ஆட்டத்தை அமைத்தார். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 127 பந்துகளைப் பிடித்தார், லீகிலேயே அதிகம். எல்லாம் ஆலனின் உழைப்பு என்று சொல்வது பாதி உண்மைதான்.

மறுபக்கம் ஜேமிஸ் வின்ஸ்டன். 2015 டிராஃப்டில் முதல் ஆள். தம்பா பே அணிக்காக அவர் எறிந்த முதல் பந்தை எதிரணி பறித்து டச் டவுனாக்கியது. 2019இல் 33 டச் டவுன், 30 இன்டர்செப்ஷன். ஒரே பருவத்தில் இரண்டிலும் 30ஐத் தொட்டவர் அதற்கு முன் யாருமில்லை. அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தும் எதிரணியின் டச் டவுனாகவே முடிந்தது. அடுத்த பருவம் அவர் இடத்துக்கு டாம் பிரேடி வந்தார். அதே பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ், பந்தைப் பிடிக்க அதே மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின். புதிதாகச் சிலரும் சேர்ந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்டர்செப்ஷன் 12ஆக இறங்கியது, லீகின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலும் வந்தது. எறியக் கூடாத பந்தை எறிந்துவிடுகிற மனம் ஐந்து வருடத்தில் மாறவில்லை என்றால், இன்னும் காத்திரு என்று ஓர் அணியிடம் சொல்ல என்னால் முடியாது.

காத்திருக்கவே வாய்ப்பில்லாமல் போனவர்களும் உண்டு. ஆலனுக்கு மூன்று இடம் பின்னால் எடுக்கப்பட்ட ஜாஷ் ரோசனை அரிசோனா அணி ஒரே வருடத்தில் கைவிட்டது. அவர் தேறியிருப்பாரா என்று கேட்பதே இப்போது வீண். எனக்கு அது வலிக்கிறது.

முதல் வரிசைக்கு வந்தபின் தடுமாற்றமே இருக்காது என்றும் நினைக்காதீர்கள். 2023இல் ஆலன் 18 இன்டர்செப்ஷன் எறிந்தார். அடுத்த பருவம் அதை 6ஆகக் குறைத்து லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கினார்.

ஆலனிடம் சூப்பர் பவுல் கோப்பை இல்லையே என்று கேட்பார்கள். 2022 ஜனவரி 23, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் கான்சஸ் சிட்டி அணியோடு ஆட்டம். ஆலன் எறிந்த 37இல் 27 போய்ச் சேர்ந்தன. 4 டச் டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை. 13 விநாடி மிச்சமிருக்க பில்ஸ் மூன்று புள்ளி முன்னிலை. அந்த 13 விநாடியில் பில்ஸின் தடுப்பு கோட்டைவிட்டது, ஆட்டம் சமனானது. கூடுதல் நேரத்தில் நாணயம் எதிரணிக்கு விழுந்தது, அவர்கள் முதல் வாய்ப்பிலேயே டச் டவுன் எடுத்தார்கள், அன்றைய விதிப்படி ஆட்டம் அத்தோடு முடிந்தது. 42க்கு 36. கூடுதல் நேரத்தில் ஆலன் பந்தைத் தொடவே இல்லை. அந்தத் தோல்வியை அவர் கணக்கில் எழுதுவது அநியாயம். லீக்கே அதற்குமேல் பொறுக்கவில்லை. இரண்டே மாதத்தில், பிளேஆஃப் ஆட்டங்களின் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று விதியை மாற்றியது.