‘போதும்’ என்று சொல்ல ஓர் அளவு வேண்டும்

தலைப்பு: பிரமிக்க வைக்கும் கிராபிக்ஸ் காட்சிகள், ஊகிக்கக்கூடிய கதையின் குறையை ஈடு செய்யுமா?
‘ஈடு செய்யாது’ அணியின் உரை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் இந்த மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘அவதார்’ படத்தின் கதை அரை மணித்தியாலத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் 290 கோடி டொலருக்கு மேல் வசூலித்ததே என்றார். இராமன் கதையின் முடிவு தெரியாத தமிழர் இல்லை, ஆனாலும் கூத்துக்கும் கம்பன் விழாவுக்கும் சனம் வருகிறதே என்றார். கடைசியாக, ஒரு படத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கிராபிக்ஸ் கலைஞர்களின் உழைப்பு கிடக்கிறது, கதை பழசு என்பதற்காக அதைத் தள்ளிவிடலாமா என்று உருக்கமாகக் கேட்டார்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அந்த உழைப்பின் மேல் உள்ள மரியாதையால்தான் எங்கள் அணி இந்தப் பக்கம் நிற்கிறது. அது என்ன உழைப்பு என்று முதலில் பார்ப்போம்.

ஒரு ஷொட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து செக்கன். இடம் காலிமுகத்திடல், நேரம் மாலை ஐந்தரை. கடலுக்குள்ளிருந்து கும்பகர்ணன் எழுகிறான். நாயகன் கடலைப் பார்த்தபடி நிற்கிறான். கமரா அவன் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக.

செக்கனுக்கு 24 பிரேம், ஆகவே 120 பிரேம். படப்பிடிப்பு நடக்கும்போதே லென்ஸின் அளவு, கமராவின் உயரம், சாய்வு எல்லாவற்றையும் ஒருவர் எழுதி வைக்க வேண்டும். நாயகனை விலக்கிவிட்டு அதே இடத்தை வெறுமையாக ஒருமுறை எடுக்க வேண்டும். சாம்பல் நிறப் பந்து ஒன்றையும் கண்ணாடிபோல் பளபளக்கும் பந்து ஒன்றையும் கமராவுக்கு முன்னால் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று பிறகு கணினிக்குச் சொல்லப்போவது அந்தப் பந்துகள்தான். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், வெளிச்சம் அமைப்பவர் பல நாள் குத்துமதிப்பாகத் தடவ வேண்டி வரும்.

இனி உருவம். ஆள் உயரம் 1.8 மீற்றர் என்றால், அதைப்போல் பதினாறு மடங்கான நம் கும்பகர்ணன் ஏறத்தாழ 29 மீற்றர். அவன் அறுபது மீற்றர் தூரத்தில் எழுந்தால், முகத்தைப் பார்க்க நாயகன் சுமார் 25 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். நடிகர் 10 பாகை பார்த்தால் அரக்கனின் வயிற்றோடு பேசிக்கொண்டிருப்பார். உயரம் பதினாறு மடங்கு கூடினால் அசைவுக்கு எடுக்கும் நேரம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது நான்கு மடங்கு நீள வேண்டும். மனிதன் அரைச் செக்கனில் வைக்கும் அடியை அவன் இரண்டு செக்கனில் வைப்பான். ஐந்து செக்கன் ஷொட்டில் இரண்டரை அடி, அவ்வளவுதான். “விறுவிறுப்பு வேண்டும், ஐந்து அடி நடக்கட்டும்” என்று இயக்குநர் சொன்னால், 29 மீற்றர் அரக்கன் அந்த நொடியே வேஷம் போட்ட மனிதனாகிவிடுவான்.

தலையிலிருந்து வடியும் நீர் கடல் மட்டத்துக்கு வந்து சேர சுமார் இரண்டரைச் செக்கன் எடுக்கும். அதைவிட வேகமாக விழுந்தால் உருவம் சிறுத்துப்போகும். கமராவின் அசைவைக் கணினியில் பொருத்தும்போது ஓரிரு பிக்சல் பிசகினாலும், அவன் காலும் கடலும் சேரும் கோடு வழுக்கும். கடற்காற்றில் பறக்கும் நாயகனின் தலைமயிரை வானத்திலிருந்து பிரேம் பிரேமாக வெட்டிப் பிரிக்க வேண்டும். இதற்கு ரொட்டோ என்று பெயர். கண் வலிக்கிற வேலை. உடம்பு, நீர், மூடுபனி என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிரேமுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால், 720 மணித்தியால ரெண்டர், அதாவது கணினி இறுதிப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் வேலை. பத்துக் கணினிகள் ஓடினாலும் மூன்று முழு நாட்கள்.

இவ்வளவும் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காலிமுகத்திடல் மேற்குப் பார்த்த கரை. மாலைச் சூரியன் அரக்கனின் முதுகுப் பக்கம் நிற்கும். முகம் இருட்டாகத்தான் தெரியும். உப்புக் காற்றின் மங்கலில் அந்த இருட்டும் சற்று வெளிறியிருக்கும். அப்போது ஒரு குரல் வரும்: “முகம் தெரியவில்லையே, செலவழித்தது அதற்குத்தானே, முன்னால் லைட் போடுங்கள்.” போட்டவுடன் ஒட்டுப்படம் போலாகிவிடும். கலைஞர் அதை மறுத்துச் சொல்ல எதை ஆதாரமாகக் காட்டுவார்? “இந்த இடத்தில் பார்வையாளர் அவன் முகத்தைக் காணக்கூடாது, வருவது யார் என்ற சந்தேகம் இன்னும் இரண்டு காட்சிக்கு இருக்க வேண்டும்” என்று கதை சொல்லியிருந்தால், அதுவே ஆதாரம். வருவது யார், எப்படிச் சாவான் என்பதெல்லாம் போஸ்டரிலேயே தெரிந்த கதையென்றால், அவர் கையில் ஒன்றும் இல்லை. இருட்டா வெளிச்சமா, ஒரு அரக்கனா ஒன்பது அரக்கர்களா, எதுவும் கதையை அசைக்காது. எதுவும் அசைக்காதபோது எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “இன்னும் பெரிதாக.”

நடுவர் அவர்களே, எங்கள் அணியின் முதல் வாதம் இது. காட்சிக்கு எது போதும், எது கூடுதல் என்று அளக்கும் கோல் கதையிடம் இருக்கிறது. ஊகிக்கக்கூடிய கதையில் அந்தக் கோல் இல்லை. அதனால் கலைஞரின் உழைப்புக்கே அங்கே கேடு வருகிறது. கடைசி வாரத்தில் காட்சியை மாற்றுகிறார்கள், மூன்று நாள் ரெண்டர் குப்பைக்குப் போகிறது, நித்திரை இல்லாமல் மீண்டும் செய்து முடித்ததில் நீர் வழுக்குகிறது. பிறகு நாம் தியேட்டரில் இருந்துகொண்டு “கிராபிக்ஸ் சரியில்லை” என்கிறோம்.

இரண்டாவது வாதம் பார்வையாளரின் கண்ணைப் பற்றியது. “இவன் தப்புவானா?” என்று நெஞ்சு அடிக்கும்போது கண் நாயகனைத் தவிர எங்கும் போகாது. தப்புவான் என்று தெரிந்துவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை. அது சுற்றத் தொடங்கும். நிழல் எங்கே, கால் ஏன் தரையில் படவில்லை என்று தேடும். ஒரே தரத்தில் செய்த ஷொட் ஒரு படத்தில் மெய்யாகவும் இன்னொன்றில் பொய்யாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

1993ஆம் ஆண்டின் ‘ஜுராசிக் பார்க்’கைப் பாருங்கள். 127 நிமிடப் படம். டைனோசர்கள் திரையில் தெரிவது சுமார் 15 நிமிடம். அதிலும் கணினியில் பிறந்தவை சுமார் 6 நிமிடம்தான், மற்றவை இயந்திரப் பொம்மைகள். அந்தப் பெரிய டைனோசர் வரும் இரவுக் காட்சியில் நம்மை முதலில் பயமுறுத்தியது எது? வாகனத்தின் முன்தட்டில் வைத்த குவளை நீரில் எழும் வட்ட அலை. அதற்குக் கணினி தேவைப்படவில்லை. தட்டுக்குக் கீழே கிட்டார் நரம்பைக் கட்டி மீட்டினார்கள். பிறகு மழையில் அந்த இயந்திரப் பொம்மையின் நுரைத் தோல் நீரைக் குடித்துப் பாரமாகி நடுங்கத் தொடங்கியது. ஷொட்டுகளுக்கு இடையில் துடைத்துத் துடைத்து எடுத்தார்கள். அந்த நடுக்கத்தை யாராவது கவனித்தோமா? வாகனத்துக்குள் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நம் கண் அங்கே இருந்தது.

1975இன் ‘ஜோஸ்’ இதற்கும் ஒரு படி மேலே. உப்பு நீரில் இயந்திரச் சுறா திரும்பத் திரும்பப் பழுதாகிப்போனது. காட்ட முடியாத சுறாவை மஞ்சள் பீப்பாய்களாலும் இசையாலும் நடத்திச் சென்றார்கள். எஃபெக்ட் படுத்துவிட்டது, படம் நிலைத்து நின்றது.

இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2001இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி: த ஸ்பிரிட்ஸ் விதின்’ படத்தில் நாயகியின் தலையில் மட்டும் 60,000 மயிர்களைத் தனித்தனியாக அசைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் சாதனை. செலவு 137 மில்லியன் டொலர், உலக வசூல் 85 மில்லியன். அதைச் செய்த ஸ்டூடியோவே மூடப்பட்டது. அந்த மயிரிழைகள் கதையை ஈடு செய்திருக்க வேண்டாமா?

இப்போது ‘அவதார்’. அரங்கு நிறைந்ததை மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு கல்லாப்பெட்டியைக் கேட்கவில்லை. 2009இல் சனம் கண்டது, அதற்கு முன் காணாத ஒரு 3டி அனுபவம். புதுமைக்கு ஒரு முறைதான் அந்த வலிமை உண்டு. அதன் பிறகு எல்லாரும் 3டி எடுத்தார்கள், வீட்டுக்கும் 3டி தொலைக்காட்சி வந்தது. 2017 அளவில் பெரிய நிறுவனங்கள் அவற்றைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டன. பழகிப்போனால் தீர்ந்துவிடும் ஒன்றை ‘ஈடு’ என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்து ‘பாகுபலி’யையே கேளுங்கள். 2015இல் அத்தனை பெரிய அருவியையும் போர்க்களத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்த சனம் இரண்டு வருடம் பேசிக்கொண்டிருந்தது ஒரு கேள்வியை: கட்டப்பா ஏன் கொன்றான்? 2017இல் அதற்கு விடை தேடித்தான் திரும்பவும் வரிசையில் நின்றது.

சரி, இராமன் கதை. எதிரணியின் பலமான வாதம் இதுதான், ஆகவே சற்று நின்று பதில் சொல்கிறேன். முடிவு தெரிந்த கதை வேறு, ஊகிக்கக்கூடிய கதை வேறு. கும்பகர்ணன் சாவான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கம்பனில் விபீடணன் போர்க்களத்துக்கே வந்து, “இராமனிடம் வந்துவிடு” என்று அண்ணனை அழைக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். இராவணன் செய்தது பிழை என்று கும்பகர்ணனுக்குத் தெரியும். தான் வெல்லமாட்டான் என்பதும் தெரியும். இருந்தும், இவ்வளவு காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். முதல்முறை படிக்கும் எவரும் அந்தப் பேச்சை அரக்கனிடம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். நூறாவது முறை கேட்பவருக்கும் தொண்டை அடைக்கிறது. முடிவு தெரியும், மனம் போகும் வழி தெரியாது. கூத்துக் கொட்டகையில் விடியும் வரை சனத்தை இருத்தி வைத்தது அந்த வழிதான். எதிரணித் தலைவர் கம்பனை எங்கள் அணிக்குத்தான் அழைத்து வந்திருக்கிறார்.

“அப்படியானால் கிராபிக்ஸே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும், நன்றாக வேண்டும். 2016இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஒஸ்கார் விருதுக்கு ஐந்து படங்கள் போட்டியிட்டன. நான்கின் செலவு தலா நூறு மில்லியன் டொலருக்கு மேல். வென்றது சுமார் 15 மில்லியனில் எடுத்த ‘எக்ஸ் மெஷினா’. பச்சைத் திரை இல்லாமல் நடிகையைச் சாதாரணமாகவே படம் பிடித்தார்கள். வெறும் அறையைத் தனியாக எடுத்தார்கள். முகத்தையும் கைகளையும் வைத்துக்கொண்டு, மற்ற உடம்பை இயந்திரமாக மாற்றினார்கள். அந்த இயந்திரம் உண்மை பேசுகிறதா, ஏமாற்றுகிறதா என்ற சந்தேகம்தான் கதை. அதனால் ஒவ்வொரு ஷொட்டிலும் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தெரிந்திருந்தது. 2024இல் அதே விருதை வாங்கிய ‘கோட்ஸில்லா மைனஸ் வன்’ படத்தின் 610 ஷொட்டுகளைச் செய்தது 35 பேர் கொண்ட குழு. இயக்குநரே எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளர். எது தேவை என்று கதையில் தீர்மானித்தவர் அருகிலேயே இருந்ததால், முடிவுக்காகக் காத்திருந்து நாட்களை வீணாக்கவில்லை.

இன்னொன்று, சுருக்கமாக. பெரிய திரை சில வாரங்கள்தான். அதற்குப் பிறகு அதே படத்தைக் கரையோர ரயிலில் கோட்டையிலிருந்து பாணந்துறை போகிறவர் உள்ளங்கை அளவு ஃபோனில் பார்க்கிறார். 29 மீற்றர் அரக்கன் விரல் நீளம் ஆகிவிடுகிறான். கதை சுருங்குவதில்லை.

இந்தச் சபையில் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பிளெண்டர் என்ற கிராபிக்ஸ் மென்பொருள் இலவசம், வீட்டுக் கணினியிலேயே ஓடும், கற்றுக்கொள்ள யூடியூப் இருக்கிறது. பத்து ஷொட்டுக்குத்தான் வசதி என்றால், எடிட்டரிடம் முதலில் அந்தப் பத்தும் இல்லாமலே, வெறும் கோட்டுப் படங்களை வைத்துப் படத்தை ஒட்டச் சொல்லுங்கள். கதை தெரியாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு கோட்டுப் படத்துக்கும் முன்னால் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். மூன்று பேரும் சரியாகச் சொன்ன இடத்தில் ரெண்டர் போடாதீர்கள். அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள். எழுதுவதற்கு மின்சாரக் கட்டணம் வராது.

மூன்று பேரும் சரியாகச் சொன்ன பிறகும் அந்த ஷொட்டை ரெண்டருக்கு அனுப்பலாம் என்று எதிரணி சொல்லுமானால், அதனால் அந்த மூவருக்கும் புதிதாக என்ன கிடைக்கும் என்பதை அடுத்துப் பேச வருகிறவர் இந்த மேடையில் விளக்கட்டும். அதைக் கேட்டுவிட்டு, நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.