பேரைச் சொல்லுங்கள், சந்தில் நின்று சொல்லாதீர்கள்

(வியாசர்பாடியில் காசநோய்த் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். நாளையிலிருந்து வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். புளியந்தோப்பு, வியாசர்பாடி, காசிமேடு பக்கத்துச் சந்துகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் இருமினால் எதிர்வீட்டில் கேட்கும். அங்கே நின்றுகொண்டு, கையில் ஃபைலோடு, "டி.பி. பேஷண்ட் வீடு இதுதானே?" என்று ஒருவர் உரக்கக் கேட்டால் போதும். சாயங்காலம் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும்போது அந்த வீட்டு அக்காவை விட்டு எல்லோரும் தள்ளி நிற்பார்கள். அடுத்த முறை நீங்கள் போனால் கதவு பூட்டியிருக்கும்.

இதற்குப் பயந்து சிலர் நோயின் பேரையே சொல்வதில்லை. "நெஞ்சுல கொஞ்சம் சளி கட்டியிருக்கும்மா, மாத்திரை போட்டா சரியாயிடும்." கேட்க இதமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதத்திலேயே பலருக்கு இருமல் அடங்கிப் பசி எடுக்கும். சளி என்று நம்பியவர் சளி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். அப்புறம் அவரைத் திட்டி என்ன பயன்? அவரிடம்தான் யாரும் உண்மையைச் சொல்லவில்லையே.

ஆகவே உள்ளே போய் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அந்த வீட்டு டம்ளரில் நீங்கள் குடித்தாலே பாதி விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிடும். பிறகு, "அண்ணே, உங்களுக்கு வந்திருக்கிறது டி.பி." என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு, முழுசாக மாத்திரை போட்டால் குணமாகும் என்றும் சொல்லிவிடுங்கள். இருமும்போது காற்றில் பரவும், தட்டு டம்ளரில் பரவாது. இதைச் சொன்னால்தான் அவருடைய தட்டைத் தனியாக வைக்க மாட்டார்கள். வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். 1956இல் நம் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் அதைத்தான் ஆராய்ந்தது. நெருக்கமான வீடுகளில் இருந்து மாத்திரை போட்ட ஏழைகளும் சானடோரியத்தில், அதாவது காசநோய் ஆஸ்பத்திரியில், படுத்திருந்தவர்களைப் போலவே குணமானார்கள், அதனால் வீட்டாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை என்று அடுத்த சில ஆண்டுகளில் உலகத்துக்கே காட்டியது. நம் சென்னைக்காரர்கள் வீட்டில் தெரியவந்த உண்மை இது, தைரியமாகச் சொல்லுங்கள்.

மாத்திரை போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்.

குடியைப் பற்றிக் கேட்டாக வேண்டும், இந்த மாத்திரைகளோடு குடியும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. மனைவி பிள்ளைகள் முன்னால் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், தணிந்த குரலில், "எவ்வளவுண்ணே?" என்று கேளுங்கள்.

கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு நோய் இருந்தால் என்ன செய்வது என்று போன கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பெண்ணின் முடிவு. நீங்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, அவள் அம்மா கெஞ்சிக் கேட்டாலும் சரி. ஆனால் அந்தப் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லாமல் வரக் கூடாது. டி.பி. மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது, வேறு வழியை டாக்டரிடம் கேட்க வேண்டும். அம்மாவை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, அவளிடம் மட்டும் சொல்லுங்கள்.