சாவா மூவாப் பேராடுகளும் ஓராண்டுக் கொடையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு திருவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. ஆடுகளை ஏற்ற இடையர், அவர் காலத்துக்குப் பின் அவர் வழியினர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஈன்று பெருகி எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் இத்தகைய ஆடுகளைச் சோழர் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன. முதலைத் தொடாமல் வருவாயை மட்டும் செலவிட ஒதுக்கும் மூலநிதி என்று நாம் சொல்வதை அவர்கள் மேய்ச்சலுக்கு விட்டிருந்தார்கள்.

இன்றைய கொடையில் அருகிவருவது இந்த மூலநிதிதான் என்பது என் கவலை. நிறுவனங்களின் கொடை பெருகியதை நான் மனமார வரவேற்கிறேன். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால், பல ஆண்டுத் தொடர்திட்டமாக அறிவிக்கப்படாத பணியில் மிஞ்சும் தொகை, நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அரசு குறித்த நிதிக்குப் போய்விடும். தொண்டமைப்பின் மூலநிதிக்குக் கொடுப்பதோ 2021 ஜனவரிக்குப் பின் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே மார்ச்சுக்குள் செலவழிந்து, படமெடுத்துக் காட்டக்கூடிய பொருளாகக் கொடை சுருங்குகிறது.

நான் பார்த்த ஒரு மாலைநேரப் பயிற்சி மையத்தில் பன்னிரண்டு கணினிகள் துணி போர்த்திக் கிடந்தன. ஒன்றின் திரையில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. ஆசிரியைக்கு ஊதியம் தர எந்தத் தலைப்பிலும் பணமில்லை.

அறக்கட்டளைகளின் வலிமை வேறு. டாட்டா குழுமத்தின் தாய் நிறுவனமான டாட்டா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு டாட்டா அறக்கட்டளைகளிடம் இருப்பதால், அந்த ஈவுத்தொகை ஆண்டுதோறும் அறத்துக்கு வருகிறது. நம் சென்னையிலேயே, 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற சொத்திலிருந்து 1842இல் ஒரு பள்ளி எழுந்து, பின்னர் கல்லூரியாக வளர்ந்தது.

தனிமனிதரான நாமோ நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று கேட்டே பழகிவிட்டோம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்க்கு அச்சலுகை இல்லை. இனி அந்தக் கேள்வியை விட்டு, “உங்கள் ஆசிரியைக்கு மாத ஊதியம் எவ்வளவு?” என்று கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து அதை ஏற்றால், அந்தக் கணினிகளின் மேல் கிடக்கும் துணியை நாளை மாலையே எடுத்துவிடலாம்.