புது விண்டோஸில் பழைய கோப்புப் பெட்டி ஏன் வருகிறது?

[திரையில்: விண்டோஸ் 11. பழைய கணக்கு மென்பொருள் ஒன்றில் 'ஓப்பன்' அழுத்தியதும் எக்ஸ்பி காலத்துப் பெட்டி விரிகிறது.]

கணினி புதிது, விண்டோஸும் புதிது. கோப்பைத் திறக்கப் போனால் மட்டும் இந்தப் பழைய பெட்டி வருகிறது. மைக்ரோசாஃப்ட் தெரிந்தேதான் இதை விட்டுவைத்திருக்கிறது. அது சரியென்றே சொல்வேன்.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1, எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான கோப்புப் பெட்டியைத் தந்தது. மென்பொருள் 'கெட்ஓப்பன்ஃபைல்நேம்' என்ற கட்டளையை அழைத்தால் போதும், பெட்டி திறக்கும். கூடவே ஒரு சலுகை: நிரலாளர் தன் நிரலையே அந்தப் பெட்டிக்குள் கோத்துவிடலாம். இதற்கு 'ஹூக்' என்று பெயர். பொத்தானை நகர்த்தலாம், பட்டியலை மறைக்கலாம். வினை அங்கேதான் தொடங்கியது. பெட்டியின் உள்ளமைப்பை நம்பி ஆயிரம் மென்பொருள்கள் எழுதப்பட்டுவிட்டால், பிறகு அதில் எப்படிக் கைவைப்பது?

விண்டோஸ் 95 புதிய பெட்டியைக் கொண்டுவந்தது. ஹூக் வைத்த நிரல், புதியது வேண்டுமென்று தானே குறிப்பிட்டாலொழிய 3.1 காலத்துப் பழையதே வரும்.

[திரையில்: படிவத்தின் முதல் கட்டம் பெரிதாகிறது. 76, அடுத்து 88.]

இதை நன்றாகக் கவனியுங்கள். நிரல் அனுப்பும் விவரப் படிவத்தின் முதல் கட்டத்தில் அந்தப் படிவத்தின் நீளமே எழுதப்பட்டிருக்கும். 32 பிட் நிரல்களில் அது 76 பைட். விண்டோஸ் 2000-இல் புதிய கட்டங்கள் சேர்ந்து 88 ஆனது. 76 என்று கண்டால், வந்திருப்பது பழைய படிவம் என்று விண்டோஸுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அப்பால் படிக்காது. அந்த ஓர் எண் இல்லையென்றால், படிவம் முடிந்த பிறகு நினைவகத்தில் கிடக்கும் குப்பையை விவரமென்று எடுத்துக்கொண்டிருக்கும். எவ்வளவு அழகான முன்யோசனை!

விண்டோஸ் விஸ்டாவில் 'ஐஃபைல்டயலாக்' என்ற புதிய வகைக் கோப்புப் பெட்டி வந்தது. உள்ளே நுழையும் வழி அதில் கிடையாது. பட்டியலோ டிக் கட்டமோ வேண்டுமென்றால் கேட்க வேண்டும்; எங்கே, எப்படி வைப்பது என்பதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். நிரலாளர்கள் சிலருக்கு இது வருத்தம்தான். ஆனால் இந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் அடுத்த பதிப்பில் பெட்டியின் தோற்றத்தைத் துணிந்து மாற்ற முடிகிறது.

பழைய அழைப்பையும் கைவிடவில்லை. ஹூக்கோ சொந்த வார்ப்போ (பெட்டிக்கென நிரலாளரே வரைந்து தரும் அமைப்பு) இல்லாமல் அழைத்தால் புதிய பெட்டியே திறக்கும். இருந்தால், நீங்கள் முதலில் பார்த்த அதே பழைய பெட்டி.

உங்கள் மென்பொருளில் அது வருகிறதா? ஹூக்கோ வார்ப்போ எதற்காக வைக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். தேவை தீர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். வேறெதையும் தொடாமலே புதிய தோற்றம் கிடைக்கும். தேவை இன்னும் இருந்தால், ஐஃபைல்டயலாக்குக்கு மாறும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.